ஆவியும் ஆவணமும்: ஆங்கில நாவல்களில் அமானுடத் துப்பறிவாளர்

தமிழ் கற்பிக்கும் ஒருத்தி பேய்க்கதை படிப்பதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அதிலும் ஆங்கிலப் பேய்க்கதை என்றால் கேட்கவே வேண்டியதில்லை. நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில், அண்மையில் படித்த நூலைப் பற்றி ஒவ்வொருவரும் ஐந்து மணித்துளி பேசவேண்டும் என்று முறை வைத்தபோது, கைப்பையில் இருந்த நாவலை உள்ளே தள்ளிவிட்டுப் பழைய உரைநூலொன்றைப் பற்றிப் பேசி முடித்தேன். அந்தக் கடனைப் பத்தாம் ஆண்டு மலரில் தீர்த்துக்கொள்ள எண்ணுகிறேன்.

அன்று கைப்பையில் இருந்த நூல், ஆங்கிலத்தில் 'அர்பன் ஃபேண்டசி' என்று சொல்லப்பெறும் வகையைச் சேர்ந்தது. நகர மாயப் புனைவு என்று நாம் தமிழில் பெயரிட்டுக்கொள்ளலாம். காடும் கோட்டையும் அரசகுமாரனும் இல்லாமல், மின்தொடர்வண்டியும் வாடகை வீடும் காவல் நிலையமும் உள்ள இன்றைய மாநகரத்திலேயே ஆவியும் சூனியமும் உலவுவதாகக் கற்பிக்கும் கதைகள் இவை. இவற்றுள்ளும் அமானுட நிகழ்ச்சிகளைத் துப்புத் துலக்குபவரைத் தலைமை மாந்தராகக் கொண்டவற்றையே நான் விரும்பிப் படிக்கிறேன். மந்திரவாதிக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு. மந்திரவாதி பேயை ஓட்டுபவர். இவர் ஓட்டுவதற்குமுன் விசாரிப்பவர். அந்த விசாரணை எங்கே தொடங்கியது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்று பின்னோக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு விரிகிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பெற்ற ஆவி, மெல்ல மெல்லச் சாட்சிக் கூண்டுக்கு இடம்மாறிய வரலாறு அது என்பது என் கருத்து.

இத்துப்பறிவாளர் மரபின் மூதாதையருள் முதன்மையாகச் சுட்டப்பெறுபவர் டாக்டர் மார்ட்டின் ஹெசீலியஸ். டப்ளின் நகரத்து எழுத்தாளராகிய ஷெரிடன் லெ ஃபானு 1872இல் வெளியிட்ட 'இன் எ கிளாஸ் டார்க்லி' என்னும் தொகுப்பில் உள்ள ஐந்து கதைகளும் இம்மருத்துவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து எடுக்கப்பெற்றவை என்ற பாவனையில் அமைந்துள்ளன. அவற்றுள் 1869இலேயே இதழில் வெளிவந்த 'கிரீன் டீ' என்ற கதையில்தான் மருத்துவரை நேரில் காண்கிறோம். ஜென்னிங்ஸ் என்னும் பாதிரியாரைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாத கரிய குரங்கொன்று பின்தொடர்கிறது. மருத்துவர் பரிவோடு கேட்டுக்கொள்கிறார்; மீண்டும் குரங்கு வந்தால் உடனே தமக்கு ஆளனுப்பச் சொல்கிறார். பிறகு, இந்நோய் பற்றி அமைதியாகச் சிந்திக்கவேண்டும் என்று, இருக்குமிடம் சொல்லாமல் ஊர்ப்புறத்து விடுதியொன்றுக்குப் போய்விடுகிறார்! பாதிரியார் அனுப்பிய கடிதம் காலந்தாழ்ந்து கிடைக்கிறது; அதற்குள் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டுவிடுகிறார். மருத்துவரோ, தாம் இன்னும் சிகிச்சையைத் தொடங்கவே இல்லை, ஆதலின் இதைத் தம் தோல்விகளுள் சேர்க்கலாகாது என்று எழுதிவைக்கிறார். மரபின் முதல்வரே தோற்றவர், தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர். லெ ஃபானு இதை எள்ளலாகவே எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்பதுபோல் கேட்டுவிட்டுத் தேவைப்பட்ட நேரத்தில் இல்லாமற்போகும் அறிஞரை நாம் எல்லோரும் அறிவோம்.

கதையில் பிறந்தவர் பதினைந்து ஆண்டுகளுக்குள் தெருவில் நடமாடத் தொடங்கினார். 1882இல் இலண்டனில், அமானுட ஆய்வுக் கழகம் என்று நாம் பெயர்த்துக்கொள்ளத்தக்க 'சொசைட்டி ஃபார் சைக்கிக்கல் ரிசர்ச்' நிறுவப்பெற்றது. கேம்பிரிட்ஜ் மெய்யியல் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். பேய் உண்டென்று நம்புவதோ இல்லையென்று மறுப்பதோ அவர்கள் நோக்கமன்று; சாட்சியங்களைத் திரட்டிச் சோதிப்பதே நோக்கம். 1886இல் வெளிவந்த 'ஃபாண்டஸம்ஸ் ஆஃப் தி லிவிங்' என்ற நூலில் 700க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. பின்னர் 17,000 பேரிடம் ஒரே வினாவைக் கேட்டு, உருவெளித் தோற்றங்கள் பற்றிய பெருங்கணக்கெடுப்பு நடந்து 1894இல் அறிக்கை வெளிவந்தது. அப்பணியில் பெரும்பங்கு ஏற்றவர் சிட்ஜ்விக்கின் துணைவியார் எலினார். அப்போது அவர் கேம்பிரிட்ஜில் பெண்களுக்குரிய நியூன்ஹாம் கல்லூரியின் முதல்வர். கல்லூரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே பேய்க்கணக்கும் எடுத்த அம்மையாரை நினைக்கும்போது, விடைத்தாள் கட்டுகளுக்கிடையே நாவல் ஒளித்துவைக்கும் எனக்குச் சற்று ஆறுதல் உண்டாகிறது.

இக்கழகத்தின் முதற்பெரும் புலனாய்வு நடந்த இடம் இலண்டன் அன்று. நம் சென்னையின் அடையாறு. இச்செய்தியை நான் அறிந்தது மிகப் பிந்தித்தான். பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 டிசம்பரில் பம்பாயிலிருந்து அடையாற்றுக்கு மாறியது. சபையை நிறுவியோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறையில், சுவரோடு பொருந்தி ஒரு மரப்பேழை இருந்தது. கண்காணா மகாத்மாக்கள் எழுதிய கடிதங்கள் அப்பேழைக்குள் தோன்றுவதாக அன்பர்கள் நம்பினர். இல்லப் பொறுப்பைக் கவனித்துவந்தவர் எம்மா கூலோம் என்ற பெண்மணி. அவர் கணவர் மரவேலை அறிந்தவர். 1884இல் அம்மையார் ஐரோப்பாவில் இருந்தபோது அவ்விருவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ், அம்மையார் தமக்கு எழுதியவை என்று எம்மா அளித்த கடிதங்களை வெளியிட்டது. பேழையின் பின்புறச் சுவரில் இரகசிய வழி இருந்தது என்பது குற்றச்சாட்டு.

உண்மை காணக் கழகம் அனுப்பியவர் ரிச்சர்டு ஹாட்ஜ்சன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1884 டிசம்பரில் சென்னை வந்தபோது அவருக்கு வயது 29. பேழை அதற்குமுன்பே அழிக்கப்பட்டுவிட்டது. இருந்தும் அவர் அறையை அளந்தார், சுவரை ஆராய்ந்தார், கையெழுத்துகளை ஒப்பிட்டார், ஒவ்வொருவரிடமும் யார், எங்கே நின்றீர், என்ன கண்டீர் என்று கேட்டுப் பதிந்தார். இன்றைய நாவல் துப்பறிவாளர் செய்வன எல்லாம் அவர் செய்தவையே. 1885இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, நிகழ்ந்தன அனைத்தும் மோசடி என்று தீர்த்தது.

ஆனால் துப்பறிவாளருக்கு நோக்கம் ஒன்று வேண்டும் அல்லவா? பெரும்பொருள் சேர்க்காத ஒருவர் ஏன் இவ்வளவு பாடுபட்டு ஏமாற்றவேண்டும் என்ற வினா எழுந்தபோது, இரஷ்யாவின் நலனுக்காகவே என்று ஹாட்ஜ்சன் விடைகண்டார். இரஷ்ய அச்சம் பிரித்தானிய இந்தியாவைப் பிடித்து ஆட்டிய காலம் அது. ஆவி இல்லை என்று நிறுவ வந்தவரை வேறோர் ஆவி பிடித்துக்கொண்டது. மேலும், தாமோதர் மாவலங்கர் முதலிய இந்திய உறுப்பினர்களின் வாக்குமூலங்களை அவர் உடந்தையாளர் பேச்சாகவோ ஏமாந்தவர் பேச்சாகவோ கொண்டார். சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்களே எதிரிகளாயினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1986இல், அக்கழகத்தின் ஆய்விதழிலேயே வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து வல்லுநர் அவ்வறிக்கையின் நடுநிலையைக் கடுமையாக மறுத்து எழுதினார். அம்மையார் செய்தது சித்தா, செப்பிடுவித்தையா என்பது இங்கே நம் ஆய்வுப்பொருள் அன்று. அடையாற்று ஆலமரத்தைக் காட்ட மாணவியரை இருமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அந்தச் சுவர் எங்கே இருந்தது என்று கேட்க அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஹாட்ஜ்சனின் பிற்கால வாழ்வு எந்த நாவலையும் மிஞ்சும். 1887இல் பாஸ்டன் சென்ற அவர், லியோனோரா பைப்பர் என்ற ஆவியூடகப் பெண்ணைப் பல்லாண்டு சோதித்தார். தொடக்கத்தில் ஒற்றர்களை வைத்துக் கண்காணித்தவர், இறுதியில் இறந்தோர் வாழ்கின்றனர் என்று நம்பலானார். 1905இல் அவர் திடீரென மறைந்தார். சில நாள்களில் அதே பைப்பர் அம்மையார் வழியாக ஹாட்ஜ்சனின் ஆவி பேசுவதாகச் செய்தி வந்தது. அவருடைய நண்பரான மெய்யியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அப்பேச்சுகளை ஆராய்ந்து 1909இல் அறிக்கை எழுதினார். உறுதியாக ஒன்றும் சொல்ல இயலவில்லை. ஆயிரம் கோப்புகளைத் தொகுத்தவர் தாமே ஒரு கோப்பாகிவிட்டார்.

இவ்வறிக்கைகள் வாசகரிடையே ஏற்படுத்திய ஆவலை இதழாசிரியர்கள் விடுவார்களா? 1898இல் 'பியர்சன்ஸ் மேகசின்' இதழில் பிளாக்ஸ்மன் லோ என்ற துப்பறிவாளர் அறிமுகமானார். எழுதியவர்கள் தாயும் மகனும்: கேட் பிரிச்சர்டு, ஹெஸ்கத் பிரிச்சர்டு. 1908இல் ஆல்ஜர்னன் பிளாக்வுட்டின் ஜான் சைலன்ஸ் வந்தார். செல்வர், ஏழைகளிடம் பணம் பெறாத மருத்துவர். இவ்விருவரையும் விட என் மனத்துக்கு நெருங்கியவர் கார்னாக்கி. வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் படைத்த இவர் 1910இல் 'தி ஐட்லர்' இதழில் தோன்றினார், 1913இல் நூலானார். (அடையாறு வந்த ஹாட்ஜ்சன் வேறு, இவர் வேறு. இந்த ஹாட்ஜ்சன் முதல் உலகப்போரில், 1918 ஏப்ரலில் மாண்டார்.) இலண்டன் செல்சியில் தம் இல்லத்தில் நண்பர் நால்வருக்கு விருந்திட்டு, உணவு முடிந்தபின் கதை சொல்லி, சொல்லி முடித்ததும் அவர்களை வாயிலுக்கு அனுப்பிவைப்பது கார்னாக்கியின் வழக்கம். கதவுக்கு முத்திரையிடுவார், புகைப்படம் எடுப்பார், பழைய ஏட்டுமந்திரத்தோடு ஒளிரும் மின்குழாய்களால் ஐங்கோணமும் அமைத்து அதன் நடுவே அமர்வார். சில கதைகளில் பேய் மெய், சிலவற்றில் மனிதச் சூழ்ச்சி, சிலவற்றில் இரண்டும். எந்தக் கதவு திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாததே இக்கதைகளின் உயிர். 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' படிப்போருக்கு அந்த ஐயம் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் இருக்குமிடத்தில் பேய் நாய் எரியம் பூசிய நாயாகத்தான் முடியும். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலோ 1893இலேயே அமானுட ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தவர் என்பது இலக்கிய வரலாற்றின் குறும்பு.

ஆயினும் ஒரு குறை. கார்னாக்கியின் 'தி ஹார்ஸ் ஆஃப் தி இன்விசிபிள்' கதையில், ஒரு குடும்பத்தின் தலைப்பெண்ணுக்குக் காதல் கனியுங்காலத்தில் கண்காணாக் குதிரையொன்று துரத்தும் என்பது தொன்மரபு. பெண்ணுக்குக் காவல் போடுகிறார்கள், குளம்பொலியைக் கேட்கிறார்கள், கருவிகளை வைக்கிறார்கள். தலைமகனை விட்டுத் தலைமகளை ஏன் துரத்துகிறது, இந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்ற வினா ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. கதவுக்கு முத்திரையிடும் அளவுக்குக் கவனம் உள்ள மனிதர் அந்த வினாவைக் கேட்டிருக்கலாம்.

இடைக்காலத்தை விரைந்து கடக்கலாம். அமெரிக்காவின் 'வியர்டு டேல்ஸ்' இதழில் 1925 முதல் 1951 வரை சீபரி குவின் எழுதிய ஜூல்ஸ் டி கிராண்டின் கதைகள் தொண்ணூறுக்கு மேல், அளவில் செழித்தவை. மெய்யுலகில் ஹாரி பிரைஸ் என்பவர் போர்லி என்ற சிற்றூரின் பாதிரியார் மனையை 1937இல் வாடகைக்கு எடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து 48 பார்வையாளர்களைத் தேர்ந்து பேய்க்குக் காவல் வைத்தார். 1939இல் மனை எரிந்தது. 1940இல் அவர் நூல் வந்தது. அவர் இறந்தபின் அந்நூலும் கடுமையாக மறுக்கப்பட்டது. 1972இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோல்சாக் என்னும் நாளிதழ்ச் செய்தியாளர் இரத்தக்காட்டேரியைத் துரத்தினார். அவர் கண்டறிந்ததை வெளியிட அதிகாரம் உடையோர் விடவில்லை. பேயைவிட மாநகர நிர்வாகம் அச்சுறுத்துவது இங்கேதான் தொடங்குகிறது.

1980களில் சார்லஸ் டி லின்ட், எம்மா புல் முதலியோர் கனடிய, அமெரிக்க நகரங்களில் மாய மாந்தரைக் குடியேற்றினர். 1991இல் வெளிவந்த டான்யா ஹஃபின் 'பிளட் பிரைஸ்' நாவலில் துப்பறிபவர் பெண்ணாகிறார். விக்கி நெல்சன் டொராண்டோ காவல்துறையில் இருந்தவர். கண்பார்வை குன்றும் நோயால் பணியைத் துறந்தவர். இரவில் அவருக்குக் கண் தெரியாது. அவருக்குத் துணையாய் வருபவனோ பகலில் நடமாட இயலாத இரத்தக்காட்டேரி. அதுவும் காதல் நாவல் எழுதிப் பிழைக்கும் காட்டேரி! இந்த இணையை நினைத்து நான் பலமுறை தனியே சிரித்திருக்கிறேன். 1993இல் லாரல் ஹாமில்டனின் 'கில்ட்டி பிளெஷர்ஸ்' வந்தது. அதன் நாயகி அனிதா பிளேக்கின் தொழில் பிணங்களை எழுப்புவது. உயில் வழக்குகளில் ஐயம் தீர்ப்பதற்கெல்லாம் எழுப்புகிறாள். இறந்தவர் சாட்சியாவதற்கு இங்கே வழி பிறக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் அவரை மீண்டும் மண்ணில் கிடத்திவிடுவார்கள். பின்வந்த நூல்களில் வழக்குக் குறைந்து காமம் மிகுந்தமையால் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். 2000இல் ஜிம் புட்சரின் 'ஸ்டார்ம் ஃபிரன்ட்' வழியாகச் சிகாகோவின் ஹாரி டிரெஸ்டன் வந்தார்; தொலைபேசிக் கையேட்டில் தம்மை மந்திரவாதி என்றே பதிந்துகொண்டவர், வாடகை கொடுக்கத் திணறுபவர். விறுவிறுப்பில் இவரை மிஞ்ச ஆளில்லை. என்றாலும் சண்டை மிகுதி. அடித்து முடித்தபின் கேட்க என்ன இருக்கிறது?

என் கைப்பையில் அன்று இருந்தது 2006இல் வெளிவந்த மைக் கேரியின் 'தி டெவில் யூ நோ'. இதன் நாயகன் ஃபீலிக்ஸ் கேஸ்டர், இலண்டனில் கூலிக்குப் பேயோட்டுபவன். உடுக்கையோ வேப்பிலையோ இல்லை. சிறு தகரக் குழலை ஊதி, ஆவியின் இயல்பை இசையாக்கி அதைக் கரைத்துவிடுவான். ஓர் ஆவணக்காப்பகத்தில் முகம் செந்திரையால் மறைந்த பெண்ணுருவம் உலவுகிறது. இரஷ்ய ஆவணத் தொகுதியொன்று வந்துசேர்ந்த பின்னர்த் தோன்றியவள் ஆதலால், அந்தப் பழந்தாள்களோடு வந்தவள் என்று எல்லோரும் கொள்கின்றனர். அவளை அகற்றுவதற்கே கேஸ்டருக்குக் கூலி. யார் என்று கேட்பதற்கு அன்று. அவனோ குழலை எடுக்கத் தயங்கித் தாள்களைப் புரட்டத் தொடங்குகிறான். முடிவில் தெரிவது: அவள் பழங்காலத்தவள் அல்லள். அண்மையில் இரஷ்யாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, இலண்டனில் உடலை விற்கக் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்ட இளம்பெண். ஆய்வு செய்து பட்டம் பெற்ற எனக்கு இவ்விடத்தில் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. துயரம் என்றால் நூறாண்டுக்கு முந்தியதாகத்தான் இருக்கும், ஏட்டில்தான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வது எங்கள் துறையினரின் பழக்கம். அடுத்த சுவருக்கு அப்பால் நேற்று நடந்ததை நாங்கள் பார்ப்பதில்லை.

2011இல் பென் ஆரனோவிச் எழுதிய 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' நாவலில் இம்மாற்றம் நிறைவெய்துகிறது. பீட்டர் கிராண்ட் பயிற்சிநிலைக் காவலர். தாய் சியரா லியோன் நாட்டவர். கோவென்ட் கார்டன் பகுதியில் ஒரு கொலை நடந்த இடத்தில் இரவுக்காவல் நிற்கும்போது, கொலையைக் கண்டதாகச் சொல்லி ஒருவர் முன்வருகிறார். அவர் இறந்து நெடுநாள் ஆனவர். பீட்டர் ஓடவுமில்லை, மந்திரம் சொல்லவுமில்லை. குறிப்பேட்டை எடுத்து வாக்குமூலம் பதியப் பார்க்கிறார். இந்தக் காட்சிக்காகவே அந்நூலை மாணவியருக்குச் சொல்லலாம். இலண்டனின் ஆறுகளும் இந்நாவலில் மாந்தராக வருகின்றன. தேம்ஸ் அன்னை நைஜீரியாவிலிருந்து செவிலியர் பயிற்சிக்கு வந்த பெண். ஃபிளீட், டைபர்ன் முதலியவை, நகரம் தன் சாக்கடைக் குழாய்களுக்குள் புதைத்துவிட்ட மெய்யான ஆறுகள். கதையில் அவை பெண்களாய் எழுந்து தம் உரிமையைப் பேசுகின்றன. அடையாற்றில் 1885இல் கேட்கப்படாத குரல்களை இலண்டன் கதையொன்று இவ்வளவு காலங்கழித்துக் கேட்கிறது என்று சொன்னால் மிகையாகுமோ என்று அஞ்சுகிறேன். ஆயினும் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நான் பட்ட வகுப்புப் படித்த காலத்தில் தங்கிய விடுதியின் பின்புறம் கம்பிவலை போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது. பல ஆண்டுகளுக்குமுன் அதில் ஒரு மாணவி இறந்தாள் என்றும், தேர்வுக் காலத்து இரவுகளில் துணி உலர்த்தும் கொடியருகே நிற்பாள் என்றும் சொல்வார்கள். மூன்றாமாண்டு வந்ததும் அக்கதையை இளையவர்க்குச் சொல்லி அச்சுறுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது, நன்றாகவே செய்தேன். நாற்புறமும் கதவை மூடச்சொல்லி, குரலைத் தாழ்த்தி, கொடியில் காயும் ஈரத்துணி வரைக்கும் வருணிப்பேன். அவள் ஏன் இறந்தாள் என்று எவளும் என்னைக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னவளை நானும் கேட்கவில்லை.

கேஸ்டர் கதையைப் படித்து முடித்த வாரத்தில் அக்காலத் தோழியர் நால்வரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒருத்தி அவளை வெள்ளைப் புடவையில் கண்டதாக நினைவுகூர்ந்தாள்; மற்றொருத்தி பச்சைத் தாவணி என்று அடித்துச் சொன்னாள்; மூன்றாமவள் இந்த வயதில் இதென்ன கேள்வி என்று பேச்சை மாற்றினாள். பெயர் ஒருத்திக்கும் தெரியவில்லை. விடுதிச் சமையற்கட்டில் நெடுநாள் வேலை பார்த்த ஆயா ஒருவர் தன் மாமியார் ஊரில் இன்னும் இருக்கிறார் என்றும், முகவரி விசாரித்துச் சொல்வதாகவும் நான்காமவள் சொன்னாள். மலர்க்குழுவுக்கு இக்கட்டுரையை அனுப்பும் இந்நாள்வரை முகவரி வந்துசேரவில்லை. நாளை மறுபடியும் கேட்கவேண்டும்.